பொட்டு அழிந்த ஸ்பீக்கர்

மத்தியானம் மூன்றே கால் மணி.

ஆமாம், மத்தியானம்தான். பேய்க் கதைக்கு நள்ளிரவு வேண்டுமே என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ராத்திரிதான் நம்மைச் சுற்றி வேண்டிய மட்டும் கிடக்கிறதே, போதாதா? நெருங்கி உட்காருங்கள். அந்த ஓரத்து மகராசன் காலை மடக்கிக்கொண்டால் இன்னும் ஒருவர் உட்காரலாம்.

மூன்றே கால் மணி... ஆள் நடமாட்டமே இல்லாத சாலை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். வெயிலில் தார் இளகி, டயரில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம்... அது மட்டும்தான். காரில் இரண்டு பேர். ஓட்டுகிறவர் என் தோழியின் பெரியப்பா, பக்கத்தில் பெரியம்மா. அவள் கூப்பிடுகிற மாதிரியே நானும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘தோழியின் பெரியப்பா, தோழியின் பெரியப்பா’ என்று சொல்லியே பொழுது விடிந்துவிடும்.

பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு நாலு மாடி போய் வந்தால் போதும், எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு காது. அந்தக் காதுதான் அவருக்கு எமனாக வந்தது.

பெரியம்மா பள்ளிக்கூட ஆசிரியை. மூன்றாம் வகுப்பில் நின்று அவர் வாய்ப்பாடு சொன்னால் மாடியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்களாம். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. உயிர் வேண்டுமென்றால் குரலை விட்டுவிட வேண்டும் என்றார் டாக்டர். விட்டுவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. துளையின் மேல் ஒரு மெல்லிய துணி. மூச்சு விடும்போதெல்லாம் அந்தத் துணி லேசாகப் படபடக்கும். பேச வேண்டியதை எல்லாம் நோட்டில் எழுதிக் காட்டுவார். குண்டு குண்டாக, கோடு தாண்டாத எழுத்து.

பெரியம்மா ஒரு மாதம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியாமல் போனது பெரியப்பாவுக்குத்தான்.

அவரிடம் ஒரே ஒரு பதிவு இருந்தது. ஆபரேஷனுக்கு இரண்டு வருடம் முந்தையது. புதுப் போன் வாங்கிய அன்றைக்கு, எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் எதையோ அழுத்திவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டார். ஆறு நிமிடம் பதிவாகியிருந்தது. ஆறு நிமிடமும் பெரியம்மா அவரைத் திட்டுகிறார். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கு, அலமாரியைத் திறந்தபடி விட்டதற்கு, தங்கைக்குப் போன் செய்ய மறந்ததற்கு. கொஞ்சலாக ஒரு வார்த்தை கிடையாது. மனுஷன் அதைத்தான் வேத வாக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனில் கேட்டால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஹெட்போனில் கேட்டால், “தலைக்குள்ள பேசுறா, எதிர்ல நின்னு பேசல” என்று கழற்றி எறிந்தார். பெரிய கடையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்தார். “லிஃப்ட்ல கதவு மூடுதுன்னு ஒருத்தி சொல்லுவாளே, இவளை அவளா மாத்திடுச்சு” என்றார்.

அப்போதுதான் யாரோ காதில் போட்டார்கள். கடையில் தேடாதே, கையால் செய்கிறவர்களைத் தேடு என்று. வருடத்துக்கு ஆறு ஜோடி, ஏழு ஜோடி செய்கிற தனி ஆட்கள் இருக்கிறார்கள். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, திமிர் மட்டும் கூரை வரைக்கும் உண்டு. முதல் ஆள் இரண்டு மணி நேரம் ஒயரைப் பற்றியே பேசினார், ஸ்பீக்கரைப் போட்டே காட்டவில்லை. அடுத்தவர், “உங்க ஹால் எத்தனை அடி?” என்று கேட்டார். பதிலைக் கேட்டதும், “அப்ப முதல்ல வீட்டை மாத்துங்க” என்று அனுப்பிவிட்டார். மூன்றாமவர், “பேச்சுக்கா? நான் பாட்டுக்குத்தான் செய்வேன்” என்று கதவைச் சாத்தினார். திரும்பி வரும்போது பெரியம்மா நோட்டில் எழுதிக் காட்டினாராம். ‘என்னைக் கட்டிக்க நீங்க இவ்வளவு அலையல.’

அந்த மூன்றே கால் மணிக்கு அவர்கள் போனது நான்காவது ஆளிடம்.

கிடங்குகளின் கடைசியில் ஒரு பட்டறை. உள்ளே மரத்தூள் வாசனை, கோந்து வாசனை, ஈயம் உருகுகிற காரமான புகை. ஸ்பீக்கர்காரர் ஒல்லியாக, காதில் பென்சில் செருகிக்கொண்டு, ஒரு பலகையை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். டொக்... டொக்... டொக். பெரியப்பாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. நம்ம ஜாதி ஆள், காதால் பார்க்கிறவர் என்று.

“எதைக் கேக்கப் போறீங்க?”

“பேச்சு. ஒருத்தங்க பேசினது.”

“யாரு?”

“என் வீட்டுக்காரம்மா.”

ஸ்பீக்கர்காரர் தலையை ஆட்டினார். “எப்ப தவறிப் போனாங்க?”

“அய்யய்யோ... வெளிய கார்ல உக்காந்திருக்காங்க.”

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. “செத்தவங்க குரல்னா பயமில்ல சார். அதுக்குப் போய் ஒட்டிக்க இடம் கிடையாது” என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடத் தோன்றியிருக்கும். பெரியப்பா சிரித்தார். காது கேட்கிறவர்களுக்கு எல்லாமே கேட்கும் என்று யார் சொன்னது?

அங்கே ஒரு ஜோடி தயாராக இருந்தது. செய்யச் சொன்னவர் வாங்க வரவே இல்லையாம். ஒரே பலகையைப் பிளந்து இரண்டு பெட்டிக்கும் முகப்பாக ஒட்டியிருந்தார். இடது பெட்டியில் மரத்தின் ரேகை எப்படி வளைகிறதோ, வலது பெட்டியில் கண்ணாடியில் பார்த்தாற்போல் அப்படியே. இரண்டுக்கும் எதிரே ஒரு நாற்காலி. பெரியப்பாவை உட்கார வைத்து, போனில் இருந்த பதிவைப் போட்டார்.

இந்த விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் பேசினால் குரல் பெட்டியிலிருந்து வராது. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வரும். அது பேயில்லை, அது கணக்கு. பெரியப்பா கண்ணைத் திறந்தபடி பார்க்கிறார். எதிரே வெறும் சுவர். அந்தச் சுவருக்கு முன்னால், சரியாகப் பெரியம்மாவின் வாய் இருக்கும் உயரத்தில்... “ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?”

உதட்டைப் பிரிக்கிற சின்ன ஈரச் சத்தம்கூடக் கேட்டதாம். பெரியப்பா குழந்தை மாதிரி அழுதார்.

ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் ஒயர் மாட்ட இரண்டு பித்தளைத் திருகுகள். சிவப்பு, கருப்பு என்று கடைச் சாமானில் இருக்குமே, அது கிடையாது. ஒரு திருகின் பக்கத்தில் மட்டும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தார். “இந்தப் பொட்டு இருக்கறதுதான் பிளஸ். பாத்து மாட்டுங்க. ஒரு பெட்டியில மாறிப்போனாலும் குரல் நடுவுல நிக்காது. உங்க முதுகுப் பக்கம் போயிடும்.” இதைச் சொல்லும்போது அவர் வாசல் பக்கம், காரைப் பார்த்தாராம்.

வீட்டில் பெரியப்பா பதிவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, பெட்டிகளுக்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டு, நூல் பிடித்து அளந்தார். பெட்டிக்கும் பெட்டிக்கும் உள்ள தூரம், பெட்டிக்கும் நாற்காலிக்கும் அதே தூரம். நாற்காலிக்குப் பின்னால், எதிர்ச் சுவரை ஒட்டிச் சோபா. தினமும் நாலு மணிக்கு அவர் நாற்காலியில், பெரியம்மா சோபாவில். முதல் இரண்டு நாள் தன் திட்டைத் தானே கேட்டுப் பெரியம்மா தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரு நாள் நோட்டை அவர் தோளுக்கு மேலாக நீட்டினார். ‘கழுத்து வலிக்கலையா? கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்புங்க.’ பெரியப்பா படித்தார். “இரும்மா, ஒரு நிமிஷம்” என்றார். திரும்பவில்லை.

எனக்கு அந்த மனுஷன்மேல் வருகிற கோபம் இருக்கிறதே... சரி, விடுங்கள்.

மூன்றாவது வாரம் பெரியம்மா வீட்டைத் துடைத்தார். அவருக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். ஒயர்களைக் கழற்றிப் பெட்டிகளை நகர்த்தித் துடைத்தபோது, பின்னால் ஏதோ சிவப்பாகச் சிந்தியிருப்பது கண்ணில் பட்டது. ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்தார். இரண்டு பொட்டும் போயிற்று.

பெரியப்பா வேலை முடிந்து வந்தார். மணி நாலு ஆகிக்கொண்டிருந்தது. ஒயர்கள் தொங்குவதைப் பார்த்ததும் அவருக்குப் பதறியது. குனிந்து, டார்ச் அடித்துத் தேடினார்... பொட்டைக் காணோம். குத்துமதிப்பாக மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டார்.

நடுவில் யாருமில்லை.

சுவர் வெறும் சுவராக இருந்தது. அப்புறம்... பிடரியில், மயிர்க்கால் கூசுகிற மாதிரி... “எத்தனை தடவைங்க சொல்றது?”

திரும்பினார். சோபாவில் பெரியம்மா. அவர் வாய் அசைகிறது. வார்த்தைக்கு வார்த்தை, எழுத்துக்கு எழுத்து. குரல் அந்த வாயிலிருந்து வருகிறது.

பெரியப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மூன்று வருடம் கழித்து அவள் பேசுகிறாள், எதிரே உட்கார்ந்து பேசுகிறாள். நிமிர்ந்து பார்த்தபோது பெரியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

ஒயரை அவர் தொடவில்லை.

நாலு நாள் அதே ஆறு நிமிடம். ஐந்தாவது நாள் ஆறு நிமிடம் முடிந்தது... குரல் நிற்கவில்லை. “வேலைக்குப் போனீங்களே, அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் சரியாச்சா?” என்றது. போன மாதம் நடந்த வேலை. பதிவில் எப்படி வரும்? பெரியப்பா அதை யோசிக்கவில்லை. பதில் சொன்னார். அது சிரித்தது. அவர் ஒன்று கேட்டார், அது ஒன்று சொன்னது. தினமும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். தம்பி மகளுக்கு, அதாவது என் தோழிக்கு, போன் போட்டு, “உன் பெரியம்மா பேசுறாம்மா” என்றார். பிள்ளை இல்லாத அவர்களுக்கு இவள்தான் பிள்ளை. பெரியப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இவள் போனை வைத்துவிட்டு அழுதாள்.

ஒன்றே ஒன்று மட்டும் அவர் கண்ணில் பட்டதாம். அந்தக் குரல் பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும் பெரியம்மாவின் கழுத்துத் துணி அசையவே இல்லை. படபடப்பு இல்லை. குரல் ஓய்ந்த பிறகுதான், தண்ணீரில் முங்கி எழுந்தவர் போல, துணி அடித்துக்கொள்ளும். மெக்கானிக்குக்கு இது தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் பெரியம்மா நோட்டை அவர் கையில் திணித்தார்.

‘நான் பேசல. என் வாயை அது அசைக்குது. ஒயரை மாத்துங்க.’

பெரியப்பா படித்தார். ஒயரை மாற்றினால் நாளைக்கு மறுபடியும் அந்த ஆறு நிமிடத் திட்டுதான். எதிரே வெறும் சுவர்தான். அவர் சொன்னது ஒரே வார்த்தை. “நாளைக்கு.”

மறுநாளும் நாளைக்கு. அதற்கு மறுநாளும் நாளைக்கு. நோட்டில் பெரியம்மாவின் எழுத்து கோட்டைத் தாண்டத் தொடங்கியது. குண்டு எழுத்துகள் உடைந்தன. சுழி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். குரலோ நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. அப்படி எட்டு நாள் போன பிறகு பெரியம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து என் தோழிக்கு அனுப்பினார். பக்கம் முழுக்கக் கிறுக்கல். மூலையில் மட்டும், முதல் தடவை பேனா பிடித்த பிள்ளை எழுதியது போல, இரண்டு வார்த்தை. ‘நான் போறேன்.’

என் தோழி பெரியப்பாவைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினாள். பெரியப்பா, “சரிம்மா. இப்பவே பண்ணிடறேன். நீ லைன்லயே இரு. எனக்குத் தனியா செய்யப் பயமா இருக்கு” என்றார்.

போனைச் சத்தமாகக் கேட்கிற மாதிரி மாற்றி, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒயரின் இன்னொரு முனையில் டார்ச் பேட்டரியைத் தொட்டுப் பார்க்கிறார். பிளஸ் சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் கோன், அந்தக் காகிதக் கூம்பு, முன்னால் வரும், தப்பாக இருந்தால் உள்ளே போகும். டப். “இது வெளிய வருது, சரியா இருக்கு.” டப். “இதுதான்மா... இது உள்ள போகுது.” திருகு கழல்கிற கீச்சொலி. மாற்றி மாட்டுகிறார். பெரியம்மாவின் பெயரைச் சொல்லி, “முடிஞ்சுதுடி, எல்லாம் முடிஞ்சுது” என்கிறார். பதிவைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஈரத் துண்டு இல்லை. அலமாரி இல்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு பெரியம்மாவின் குரல், நடுங்கிக்கொண்டு.

“அப்பாடா... மூச்சு விட முடியுது. என்னைக் கூட்டிட்டு வந்துட்டீங்க.”

“எங்க இருக்கே?”

“உங்க எதிர்லதான். நல்லாத் தெரியறீங்க.” அப்புறம் குரல் தேய்ந்தது. “ஏங்க... உங்களுக்குப் பின்னாடி உக்காந்திருக்கறது யாரு?”

நாற்காலி கிறீச்சிட்டது.

“திரும்பாதீங்க” என்றது குரல். “எந்திரிச்சிருச்சு.”

லைன் அறுந்துபோனது.

என் தோழி அரை மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தாள். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். ஆம்ப்ளிஃபயரின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி காலி.

சோபாவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முனையில் பெரியப்பா, அந்த முனையில் பெரியம்மா. கை மடியில். ஒரு காயம் இல்லை, ஒரு கலைசல் இல்லை. “பெரியப்பா” என்றாள். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. வீட்டுக்கு வந்த புது ஆளைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தார்கள். பிறகு பெரியப்பாவின் கை, நடுவில் காலியாக இருந்த இடத்தை மெல்லத் தட்டியது. வா, உட்கார்.

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். சோபாவில் இரண்டு வாயும் மூடித்தான் இருந்தன. அப்போதுதான் கேட்டது. பெட்டிகளுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, பெரியப்பா, பெரியம்மா இரண்டு பேர் குரலும். தாழ்ந்த குரலில், பயந்துபோய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஏங்க... கதவுகிட்ட நிக்கிறது நம்ம பொண்ணுதானே?”

“அவதாம்மா.”

“எந்தப் பக்கம் நிக்கிறா? நம்ம பக்கமா... அவங்க பக்கமா?”

“தெரியலையே” என்றாராம் பெரியப்பா.